பயிர் காட்டும் பழமை

மானாவாரிப் புன்செய் ஒன்றின் வரப்பில், அந்நிலத்தை உழுது பழகிய உழவர் ஒருவரோடு நின்று பாருங்கள். ஒரே நாளில் உழுது, ஒரே விதையை விதைத்த நிலந்தான். ஆயினும் பயிர் எங்கும் ஒரே சீராக இராது. ஓரிடத்தில் மட்டும் கரும்பச்சையாகச் செழித்து நிற்கும். காரணம் கேட்டால், "முன்னொரு காலத்தில் அங்கே எருக்குழி இருந்தது" என்பார் அவர். வேறோர் இடத்தில் பயிர் குட்டையாகி வெளிறிக் கிடக்கும். "அங்கே அடியில் பாறை, மண் ஆழமில்லை" என்பார். மேலே தெரியும் நிறத்தைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அடிமண்ணின் நிலையைச் சொல்லும் இந்த அறிவு உழவருக்குப் புதிதன்று. இதே அறிவை வானத்திற்கு ஏற்றி, அதன் கையில் ஒரு காமிராவையும் கொடுத்துவிட்டால், அது தொல்பொருள் ஆராய்ச்சியின் ஒரு தனித்துறையாகிவிடுகிறது. விளைநிலங்களை வானிலிருந்து படம் பிடித்து, மண்ணுக்குள் மறைந்த பழைய ஊர்களையும் அகழிகளையும் கல்லறைகளையும் கண்டறியும் அத்துறையைப் பற்றியே இன்று பேச இருக்கிறேன்.

மண்ணுக்குள் இருப்பதை மண்ணின்மேல் நின்று பார்ப்பவரைவிட வானில் பறப்பவர் எப்படி நன்றாகக் காண முடியும் என்ற ஐயம் எழலாம். வாசலில் போட்ட கோலத்தின்மீது ஊர்ந்து செல்லும் எறும்பை எண்ணிப் பாருங்கள். அதன் வழியில் மாவு குறுக்கிடுகிறது, சற்று விலகினால் வெறுந்தரை, மீண்டும் மாவு. அந்த மாவு ஒரு தாமரையின் இதழ் என்பதை எறும்பு அறிவதற்கு வழியில்லை. நின்று பார்க்கும் நமக்கோ ஒரு நொடியில் தாமரை தெரிகிறது. வயலில் நடப்பவன் எறும்பின் நிலையில் இருக்கிறான். பச்சை சற்றுக் கூடுவதையும் குறைவதையும் அவன் காண்கிறான். அந்தக் கூடுதலும் குறைதலும் சேர்ந்து வட்டமாகவோ சதுரமாகவோ அமைந்திருப்பதைக் காண்பதில்லை. உருவத்தைக் காண உயரம் வேண்டும்.

இனி, பயிர் அந்த உருவத்தை எவ்வாறு வரைகிறது என்பதைப் பார்ப்போம். நாலாயிரம் ஆண்டுகளுக்குமுன் ஒருவன் தன் குடியிருப்பைச் சுற்றி அகழி தோண்டினான் என்று வைத்துக்கொள்வோம். மேல்மண்ணைக் கடந்து, கெட்டியான சுண்ணக்கல்லையோ சரளையையோ வெட்டி அவன் பள்ளம் எடுத்தான். காலப்போக்கில் குடியிருப்பு அழிந்தது. காற்றும் மழையும் கொண்டுவந்த மண்ணும், மக்கிய தழையும் குப்பையும் அந்தப் பள்ளத்தை நிரப்பின. பிறகு வந்த உழவர்கள் அதன்மேல் உழுது சமன் செய்தார்கள். இப்போது தரையில் ஒரு சுவடும் இல்லை. ஆனால் ஒருமுறை வெட்டிய பாறை மீண்டும் ஒட்டுவதில்லை. பள்ளத்தை நிரப்பிய மண் வளமானது, ஆழமானது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது. அதன்மேல் விளையும் பயிர் வேரை ஆழமாக விடுகிறது. மழை பொய்த்து, சுற்றிலும் உள்ள பயிர் வாடி மஞ்சளாகும் வேளையில், அகழியின்மேல் நிற்கும் பயிர் மட்டும் உயர்ந்து, பசுமை மாறாமல், காலந்தாழ்த்து முதிர்கிறது. வானிலிருந்து பார்த்தால், மஞ்சள் வயலின் நடுவே ஒரு கரும்பச்சை வளையம்!

சுவரின் கதை இதற்கு மாறானது. மண்ணுக்கடியில் கற்சுவரின் கடைக்கால் இருந்தால், அதன்மேல் மண் மெல்லியதாக இருக்கும். வேர் கல்லில் முட்டும். பயிர் குட்டையாகி முன்னதாகவே பழுத்துவிடும். அங்கே பச்சை வயலில் மஞ்சள் கோடுகள் தெரியும். கல்லும் சல்லியும் போட்டு இறுக்கிய பாதையும், அவ்வாறே இறுக்கிய குழியும் சுவரைப் போலவே நடந்துகொள்ளும். ஆக, செழிப்பும் சாட்சி, வாட்டமும் சாட்சி.

ஆயினும் இந்தச் சாட்சி எப்போதும் வாய் திறப்பதில்லை. மழை நிறையப் பெய்த ஆண்டில் எல்லாப் பயிருக்கும் வேண்டிய நீர் கிடைத்துவிடுவதால், வேறுபாடு தோன்றாது. பயிருக்குத் தாகம் எடுக்கும்போதுதான் மண்ணின் இரகசியம் வெளிப்படுகிறது. மேல்நாட்டு அனுபவத்தில், கோதுமையும் ஓட்ஸும் வாற்கோதுமையும் இதற்கு ஏற்ற பயிர்கள். அவற்றுள் வாற்கோதுமை மிகச் சிறந்தது. புல் கடும் வறட்சியில் மட்டுமே அடையாளம் காட்டும். சரளை நிலமும் சுண்ணக்கல் நிலமும் நன்கு பேசும்; களிமண் நிலம் பெரும்பாலும் மௌனம் சாதிக்கும். ஒரே வயல் பல ஆண்டுகள் ஒன்றுமே காட்டாதிருந்து, ஏதோ ஒரு வறண்ட கோடையில் சில நாட்கள் மட்டும் தன் முழுப் படத்தையும் விரித்துக் காட்டிவிட்டு, அறுவடையோடு மூடிக்கொள்வதும் உண்டு. ஆகையால் ஒரே இடத்தின்மீது ஆண்டுதோறும் பறக்க வேண்டியிருக்கிறது.

பயிரே இல்லாதபோதும் நிலம் வேறு வழிகளில் பேசுவதுண்டு. உழுது முடித்த புழுதியில், அகழி இருந்த இடம் கருமையாகவும், சிதைந்த மண்மேடு இருந்த இடம் சுண்ணக்கல் கலந்து வெண்மையாகவும் தெரியும். ஒரு சாண் உயரமே எஞ்சியுள்ள கரையும் மேடும், கதிரவன் அடிவானத்தில் சாய்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் நீண்ட நிழலை வீழ்த்தித் தம்மைக் காட்டிக்கொடுக்கும். நண்பகலில் அதே மேட்டின்மேல் பறந்தால் ஒன்றும் தெரியாது.

பயிரில் பழமையைக் கண்டவர்கள் விமானம் தோன்றுவதற்கு முன்பே இருந்தார்கள். இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டக்லி என்பவர் 1719-ஆம் ஆண்டிலேயே, கிரேட் செஸ்டர்போர்டு என்னும் இடத்தில், ரோமானியர் காலத்துக் கோயில் ஒன்றின் அமைப்பு விளைந்த பயிரில் தெரிவதைக் கண்டு குறித்து வைத்தார். 1906-இல், ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் புகழ்பெற்ற கல்வட்டத்தை இராணுவ பலூன் ஒன்றிலிருந்து படம் பிடித்தார்கள். ஆனால் துறை வளர்ந்தது முதல் உலக மகாயுத்தத்தின்போதுதான். பகைவரின் பதுங்குகுழிகளைக் கண்டறிய வானிலிருந்து படம் எடுக்கும் கலை அப்போது விரைவாகத் தேர்ச்சியடைந்தது. மெஸபொட்டேமியாவில் நிலப்படம் வரையும் பணியில் இருந்த பீஸ்லி என்ற அதிகாரி, டைக்ரிஸ் நதிக்கரையில் அப்பாஸிய கலீபாக்களின் பழைய தலைநகரான ஸாமர்ராவின் வீதிகளும் கால்வாய்களும் வானப்படத்தில் தெளிவாகத் தெரிவதைக் கண்டார். தரையில் நடந்தபோது அவை வெறும் மண் திட்டுகளாகவே தோன்றின.

இத்துறைக்கு ஒழுங்கும் முறையும் அமைத்துத் தந்தவர் ஓ. ஜி. எஸ். கிராபோர்டு. யுத்தத்தில் விமானத்திலிருந்து வேவு பார்க்கும் பணியைச் செய்தவர் அவர். 1920-இல் பிரிட்டிஷ் நில அளவைத் துறையின் முதல் தொல்பொருள் அதிகாரியாக அமர்ந்தார். விமானப்படையினர் பயிற்சிக்காகவும் வேறு வேலைக்காகவும் எடுத்துச் சேர்த்து வைத்திருந்த படங்கள் அவர் பார்வைக்கு வந்தன. எடுத்தவர்கள் காணாததை அவர் கண்டார்.

ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து புறப்படும் பழைய பாதை ஒன்று உண்டு. இருபுறமும் வாய்க்கால் போன்ற பள்ளமும் கரையும் கொண்டது. அதை முதலில் கண்டறிந்தவரும் ஸ்டக்லியே. ஆனால் உழுத நிலத்திற்குள் நுழைந்ததும் அப்பாதை மறைந்துவிட்டது. அது எங்கே சென்றது என்பது 200 ஆண்டுகளாக விடை காணாத கேள்வியாக இருந்தது. 1921-இல் எடுத்த விமானப்படையின் படங்களை 1923-இல் ஆராய்ந்த கிராபோர்டு, வயல்களுக்கு நடுவே இரண்டு மெல்லிய கோடுகள் இணையாகச் செல்வதைக் கண்டார். அவை மேட்டைக் கடந்து திரும்பி ஏவன் ஆற்றை நோக்கிச் சென்றன. அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. படம் காட்டிய இடத்தில் நிலத்தை வெட்டிப் பார்த்தார். சொன்ன இடத்தில் பள்ளங்கள் இருந்தன. ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை ஆற்றங்கரையில் முடிகிறது. 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் அம்முனையில் அகழ்ந்தபோது, அங்கேயும் ஒரு காலத்தில் கற்கள் வட்டமாக நின்ற குழிகள் அகப்பட்டன. ஆற்றுக்கும் கல்வட்டத்துக்கும் இருந்த தொடர்பு இவ்வாறு உறுதிப்பட்டது.

அடுத்த வியப்பு நெடுநாள் காத்திருக்கவில்லை. 1925-ஆம் ஆண்டு டிசம்பரில், இன்ஸால் என்ற விமானப்படை அதிகாரி, ஸ்டோன்ஹெஞ்சுக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தொலைவில் உழுத வயலில் ஒரு வட்டத்தையும், அதனுள் வெண்புள்ளிகளையும் கண்டார். உழுது கலைந்துபோன பழைய ஈமமேடு என்றே அதுவரை அவ்விடத்தைக் கருதி வந்தார்கள். அவர் அவசரப்படாமல் காத்திருந்தார். மறு ஆண்டுக் கோடையில் அவ்வயலில் கோதுமை விளைந்து நின்றபோது மீண்டும் பறந்து படம் எடுத்தார். வட்டத்துக்குள் வட்டமாக, வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள் பயிரில் தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெரிய மரக்கம்பம் நட்ட குழி. கன்னிங்டன் தம்பதியர் 1926-இல் தொடங்கி அகழ்ந்து பார்த்தார்கள். நீள்வட்டமான ஆறு வரிசைகளில் கம்பக்குழிகள் வெளிப்பட்டன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கிப்போன மரங்களின் இடத்தை, அவ்வாண்டு விளைந்த கோதுமை ஒன்றும் விடாமல் எண்ணிக் காட்டியது. உட்ஹெஞ்ச், அதாவது மர வட்டம், என்று அவ்விடம் பெயர் பெற்றது. அத்தம்பதியர் அந்நிலத்தை விலைகொடுத்து வாங்கிப் பின்னர் நாட்டுக்கே ஒப்படைத்தார்கள். இன்று அங்கே செல்பவர் ஒவ்வொரு குழியின் இடத்திலும் ஒரு சிறிய கான்கிரீட் தூணைக் காணலாம்.

1930-க்குப் பின்வந்த ஆண்டுகளில் ஆலன் என்பவர் தம் சொந்த விமானத்தில் ஆக்ஸ்போர்டைச் சுற்றிய தேம்ஸ் பள்ளத்தாக்கின்மேல் பறந்து, நூற்றுக்கணக்கான படங்களை எடுத்தார். இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில், இத்தாலியின் தென்கிழக்கே போஜியா நகரைச் சுற்றியுள்ள சமவெளியின் வானப்படங்களை ஆராய்ந்த ஜான் பிராட்போர்டு, அகழி சூழ்ந்த புதிய கற்காலக் குடியிருப்புகள் அங்கே ஏராளமாக இருப்பதை உலகுக்குக் காட்டினார். அகழிக்குள்ளே, ஒவ்வொரு குடும்பத்தின் முற்றத்தையும் சுற்றிச் சிறு வளைவுகள் கூடப் படத்தில் தெரிந்தன. யுத்தத்திற்கு எடுத்த படங்கள், 7000 ஆண்டுகளுக்கு முன் அமைதியாகப் பயிரிட்டு வாழ்ந்த மக்களைக் காட்டின.

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வயலில் தெரியும் வட்டமெல்லாம் பழமை ஆகாது. மண்ணில் படரும் ஒருவகைக் காளான் புல்வெளியில் அழகிய வளையங்களை உண்டாக்கும். உறைபனிக் காலத்தில் நிலம் வெடித்த வெடிப்புகள், பிற்காலத்தில் மண் நிரம்பி, வயல் வரப்புகளைப் போன்ற வலைக்கோடுகளாகத் தெரியும். நிலத்தடியில் பதித்த வடிகால் குழாய், உரம் தூவியபோது விடுபட்ட கீற்று, வைக்கோற்போர் இருந்த இடம், யுத்தகாலத்தில் விமான எதிர்ப்புப் படையினர் அமைத்த வட்ட மேடை ஆகிய யாவும் படத்தில் பழமையின் வேடம் பூண்டு வரும். எனவே படத்தைப் படிப்பவர் நிலவியலும் வேளாண்மையும் அறிந்தவராக இருத்தல் வேண்டும். அவ்வூர் விவசாயியைக் கேட்கவும் கூசக்கூடாது. வேறொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. படம் இடத்தையும் உருவத்தையும் சொல்லும். காலத்தைத் திட்டமாகச் சொல்லாது. உருவ ஒப்புமையால் ஊகிக்கலாம். முடிவு கூறுவது மண்வெட்டியும் அதன்பின் நடக்கும் ஆய்வுமே. அடையாளம் தெரியாத வயலில் ஒன்றும் இல்லை என்று தீர்ப்புக் கூறுவதும் தவறு. அந்த ஆண்டு அது பேசவில்லை என்பதே அதன் பொருள்.

இத்துறையில் ஒரு துயரமும் கலந்திருக்கிறது. பழமையை நமக்குக் காட்டித்தரும் உழவே அதை அழித்தும் வருகிறது. மரக்கலப்பை கீறிய ஆழம் சிறிது. இயந்திரக் கலப்பையோ ஆழமாகப் பாய்ந்து, ஒவ்வோர் ஆண்டும் அகழியின் விளிம்பையும் சுவரின் தலையையும் சிறிது சிறிதாகச் சீவிக்கொண்டே போகிறது. புழுதியில் வெண்மையாக ஒரு வட்டம் தெளிவாகத் தெரிகிறதென்றால், அங்கே ஒரு மேடு கரைந்துகொண்டிருக்கிறது என்பதும் தெரிகிறது. ஆற்றோரச் சரளை நிலங்களின் கதி இன்னும் கடுமையானது. பயிர் அடையாளம் மிகத் தெளிவாகத் தெரிவது அங்கேதான். கட்டடத்திற்கும் சாலைக்கும் சரளை வேண்டிப் பெருங்குழிகள் வெட்டப்படுவதும் அங்கேதான். இங்கிலாந்தின் வரலாற்றுச் சின்னங்களுக்கான அரச ஆணைக்குழு 1960-இல் இதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டு, வானப்படங்களில் கண்ட இடங்கள் அகழ்ந்து பார்ப்பதற்கு முன்பே மறைந்து வருவதை எடுத்துக்காட்டியது. பல இடங்களைப் பற்றி இன்று எஞ்சியிருப்பது ஏதோ ஒரு கோடையில் எடுத்த ஒரு படம் மட்டுமே. அந்த விமானம் அன்று பறந்திராவிட்டால், அங்கே மனிதர் வாழ்ந்தார்கள் என்பதே தெரியாமற் போயிருக்கும்.

இவ்வளவு ஆண்டுகள் சென்றபின்னும் நிலத்தின் பேச்சு முடிந்துவிடவில்லை. 2013-ஆம் ஆண்டின் வறண்ட கோடையில், ஸ்டோன்ஹெஞ்சின் புல்தரைக்கு நீர் பாய்ச்சிய குழாய் வட்டத்தின் மறுகோடி வரை எட்டவில்லை. நீர் எட்டாத பகுதியில் புல் கருகியது. அங்கே பணியாற்றிய காவலர் ஒருவர், கருகிய தடங்கள் கற்கள் நின்றிருக்க வேண்டிய இடங்களில் அமைந்திருப்பதைக் கவனித்தார். கல்வட்டம் ஒரு காலத்தில் முழுமையாக இருந்ததா, அரைகுறையாகவே நின்றுவிட்டதா என்ற பழைய வழக்கில் அது ஒரு புதிய சாட்சியாயிற்று. குழாய் சற்று நீளமாக இருந்திருந்தால் அந்தச் சாட்சி நமக்குக் கிட்டியிராது! 2018-ஆம் ஆண்டின் வறட்சியில், அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் அருகே, ஆளில்லாச் சிறு விமானத்தைப் பறக்கவிட்ட இருவர், அதுவரை யாரும் அறியாத பெரியதொரு வட்ட அமைப்பை வயலில் கண்டார்கள்.

நம் நாட்டில் இம்முறை ஏன் இவ்வளவு வேரூன்றவில்லை என்ற கேள்வி இயல்பானதே. நம் ஆற்றுப் பாசன நிலங்களில் நெற்பயிர் எப்போதும் நீரில் நிற்கிறது. தாகமே அறியாத பயிர் அடியில் இருப்பதைச் சொல்வதில்லை. நிலங்கள் சிறு சிறு துண்டுகளாக வரப்பிட்டுப் பிரிந்திருப்பதும் உருவத்தைக் கலைத்துவிடுகிறது. நாட்டின் பாதுகாப்பைக் கருதி வானப்படம் எடுப்பதற்கு நெடுங்காலம் கட்டுப்பாடுகளும் இருந்து வந்தன. ஆயினும் வானின் உதவியை நாம் அறியாதவர்கள் அல்லர். ஒரிஸாவில் புவனேசுவரத்தை அடுத்த சிசுபால்கட் கோட்டை 1948-இல் பி. பி. லால் தலைமையில் அகழப்பட்டது. ஏறக்குறைய சதுரமான அதன் மதில்களையும், பக்கத்திற்கு இரண்டாக அமைந்த வாயில்களின் ஒழுங்கையும் வானப்படம் ஒரே பார்வையில் காட்டுகிறது. பின்னர் செயற்கைக்கோள்கள் வந்தன. காக்கர் ஆற்றின் வறண்டுபோன பழைய படுகை வயல்களுக்கு நடுவே அகன்ற பட்டையாகத் தெரிவதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு யஷ்பாலும் அவர் குழுவினரும் 1980-இல் விளக்கினார்கள். 1988 முதல் நம் நாட்டின் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களே நம் நிலத்தைப் படம் எடுத்து வருகின்றன. நாலந்தாவில், அகழ்ந்து வெளிப்படுத்திய விகாரங்களுக்கு அப்பாலும் பழைய குளங்களும் கட்டட மேடுகளும் பரந்திருப்பதை இத்தகைய படங்கள் உணர்த்துகின்றன. 2021-இல் ஆளில்லா விமானங்களுக்கான விதிகளும் எளிதாக்கப்பட்டுள்ளன.

நெல் விளையாத நிலமும் நம்மிடம் ஏராளம். தக்காணத்தில் சோளமும், பிற மானாவாரிப் பயிர்களும் மழையை எதிர்நோக்கி நிற்கும் பரப்பு பெரிது. அங்கெல்லாம் பயிருக்குத் தாகம் உண்டு. தாகம் உள்ள இடத்தில் சாட்சியும் உண்டாகலாம். இதைக் காலங்கடத்தாமல் தேட வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. பழைய சின்னங்களையும் தொல்லிடங்களையும் காக்க 1958-ஆம் ஆண்டுச் சட்டம் நமக்கு இருக்கிறது. அரசாங்கம் அறிவித்த இடங்களையே அச்சட்டம் காக்கும். இருப்பதே தெரியாத ஒன்றை எவர் அறிவிப்பது? புதிய சாலையும் மனைப்பிரிவும் தொழிற்சாலையும் வயல்களின்மீது எழுந்துகொண்டிருக்கின்றன. அவை வேண்டா என்று யாரும் சொல்வதற்கில்லை. ஆனால் மண்ணை மூடுவதற்குமுன், அந்த மண்ணை ஒருமுறை வானிலிருந்து பார்த்துவிடுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அன்று. முன்கூட்டித் தெரிந்தால் பாதையைச் சற்று விலக்கலாம். விலக்க இயலாதபோது அகழ்ந்து பதிவு செய்யலாம். மூடியபின் தெரிந்து பயன் இல்லை.

இவ்வேலையில் அறிஞர்களுக்கு மட்டுமன்றி உழவருக்கும் பங்கு உண்டு. தம் நிலத்தில் எந்த ஆண்டு எந்தப் பயிர் எங்கே கருத்தது, எங்கே வெளுத்தது, கலப்பை எந்த இடத்தில் கல்லில் முட்டியது, எங்கே பானையோடு மேலே வந்தது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் இல்லை. வானத்தில் பறப்பவருடைய கண்ணும், மண்ணில் நடப்பவருடைய அனுபவமும் கூடும்போதுதான் படம் முழுமை பெறுகிறது. ஆகவே, மழை பொய்த்த ஒரு பருவத்தில் வாடிய வயலின் நடுவே காரணம் விளங்காத ஒரு பச்சை வளைவை உங்களுள் எவரேனும் காண நேர்ந்தால், அது எருக்குழியாக இருக்கலாம். பழைய கிணறாக இருக்கலாம். அல்லது பெயர் மறந்துபோன ஓர் ஊரின் எல்லையாகவும் இருக்கலாம். எதுவாயினும், அறுவடைக்குமுன் ஒரு படம் எடுத்து, அதில் இடத்தையும் நாளையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு நல்ல மழை பெய்யும். பயிர் ஒரே சீராக நிற்கும். அந்த வளைவு மறைந்துவிடும். நீங்கள் எடுத்து வைத்த படமே அப்போது அதற்குச் சாட்சியாக இருக்கும்.